பக்கத்து வீட்டில் நம் வைஃபையை ஓட்டுகிறார்கள், சண்டை போடாமல் நிறுத்துவது எப்படி?

முதலில் பிரவுசரில் 192.168.1.1 (சில ரூட்டர்களில் 192.168.0.1) என்று அடித்து, ரூட்டரின் செட்டிங் பக்கத்துக்குள் போய், இணைந்திருக்கும் கருவிகளை எண்ணுங்கள். எங்கள் வீட்டில் நான்கு போன், ஒரு டிவி. பட்டியலில் ஒன்பது இருந்தது! பட்டியலில் உள்ள தெரியாத போனை மட்டும் பிளாக் செய்வது வீண் வேலை, ஏனென்றால் இப்போதைய போன்களில் செட்டிங்கைத் தட்டினால் மேக் முகவரியே (ரூட்டர் ஒரு கருவியை அடையாளம் காணும் எண்) மாறிவிடும், வேறு ஆள் மாதிரி திரும்ப உள்ளே வந்துவிடுவார்கள். வைஃபை பாஸ்வேர்டையே மாற்றுங்கள், டபிள்யூபிஎஸ்ஸை (பாஸ்வேர்ட் அடிக்காமலே இணைய விடும் வசதி) அணையுங்கள், ரூட்டரின் செட்டிங் பக்கத்துக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றாமல் விடாதீர்கள்.

பெரும்பாலும் இது திருட்டும் இல்லை, நம் வீட்டுப் பிள்ளைகளே வைஃபையில் இணைய உதவும் க்யூஆர் கோடைக் காட்டியிருப்பார்கள். அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா வந்து “நெட் வரலையே” என்று கேட்டால், கெஸ்ட் நெட்வொர்க் (வெளி ஆட்களுக்கென தனிப் பெயர், தனி பாஸ்வேர்டுடன் தரும் வைஃபை) ஒன்றைப் போட்டு, ரூட்டரில் வசதி இருந்தால் வேகத்தையும் குறைத்துக் கொடுங்கள். ஆனால் கனெக்‌ஷன் உங்கள் பெயரில் இருக்கிறது, அவர்கள் ஏதாவது ஏடாகூடமாகச் செய்தால் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும்.