சாக்லேட் கேக்கோடு ஒயின் ஏன் புளித்தது?

கேள்வி: ஸ்பெயினிலிருந்து ஒரு சிவப்பு ஒயின் பரிசாக வந்தது. லேபிளில் ‘டின்டோ செமிதுல்சே’ என்று போட்டிருந்தது. இனிப்பு ஒயின்தானே என்று சாக்லேட் கேக்கோடு பரிமாறினோம். புளிப்பும் துவர்ப்பும்தான் தெரிந்தன. பாட்டில் கெட்டுப்போனதா? இதற்கு எந்த உணவு பொருந்தும்?

பதில்: ஒயினில் குறையில்லை, கேக்தான் அதை அமுக்கிவிட்டது. டின்டோ என்றால் சிவப்பு, செமிதுல்சே என்றால் அரை இனிப்பு. ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு 45 கிராம் சர்க்கரையை எட்டினால் அது ‘துல்சே’, அதாவது முழு இனிப்பு. உங்களுடையது அதற்கும் கீழே. வழக்கமான கோலாவில் லிட்டருக்குச் சுமார் 100 கிராம் இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கேக்கின் இனிப்பில் ஊறிய நாக்குக்கு இந்தக் கொஞ்ச இனிப்பு எட்டாது. அமிலமும், திராட்சைத் தோலிலிருந்து வரும் டானின் என்ற பொருளின் துவர்ப்பும்தான் மிஞ்சும். ஆகவே தட்டில் இருப்பது ஒயினைவிட இனிப்பு குறைந்ததாக இருக்க வேண்டும்.

இதற்கு உண்மையான துணை உப்பு, கொழுப்பு, புகை மணம் மூன்றும்தான். எஸ்த்ரெமதுரா பகுதியின் லா வேராவில் ஓக் விறகுப் புகையில் உலர்த்திய மிளகாயை அரைத்து எடுக்கும் பிமென்டோன் தூளை எடுத்துக்கொள்ளுங்கள். அது சேர்ந்த சோரிசோ தொத்திறைச்சிக்கு இந்த ஒயின் அளவுக்கு இணங்கும் பானங்கள் குறைவு: காரத்தை இனிப்பு தணிக்கும், துவர்ப்பை உப்பு மழுக்கும்.

வீட்டில் செய்வதானால் பன்றி விலா எலும்பு என் முதல் தேர்வு. ஒரு கிலோவுக்கு 12 கிராம் உப்பு, இடித்த பூண்டு 4 பல், பிமென்டோன் 3 தேக்கரண்டி, ஆலிவ் எண்ணெய் 2 மேசைக்கரண்டி தடவி, மூடி, 150 டிகிரி அவனில் இரண்டரை மணி நேரம் வேகவிடுங்கள். இதே ஒயின் 100 மில்லியை மூன்றில் ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சி மேலே பூசி, திறந்தபடி இன்னும் 15 நிமிடம். தேன் வேண்டாம், சேர்த்தால் கேக்கின் கதைதான். பிமென்டோனைக் கொதிக்கும் எண்ணெயில் போடாதீர்கள். சில நொடிகளில் கருகிக் கசக்கும், அந்தக் கசப்பு டானினோடு சேர்ந்தால் வாயில் வைக்க முடியாது.

சமைக்க நேரமில்லையா? லா மன்சா பகுதியின் செம்மறியாட்டுப் பால் சீஸான மான்செகோவில் சில மாதமே முதிர்ந்தது, அல்லது அஸ்தூரியாஸின் நீலப்பூசண சீஸான கப்ராலெஸ், கூடவே உப்பிட்டு வறுத்த பாதாம் போதும். மத்தி, நெத்திலி வகை மீன்கள் கூடாது. சிவப்பு ஒயினிலுள்ள இரும்பு மீன் கொழுப்போடு சேர்ந்து கவிச்சி வாடையைக் கிளப்பும். சாக்லேட் இல்லாமல் முடியாது என்றால் 85 சதவீத டார்க் சாக்லேட்டில் சிறு துண்டு, அதுவும் அந்தப் பாதாமோடு.

பரிமாறும் சூடு 12 முதல் 14 டிகிரி. ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்து அரை மணி கழித்து ஊற்றுங்கள். எடுத்தவுடன் அதே குளிரில் ஊற்றினால் துவர்ப்பு தூக்கலாகும். நம் அறைச்சூட்டில் பாகு போலத் திகட்டும்.

பாட்டில் கெட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. இந்த ஒயின்களில் நொதித்தலைப் பாதியில் குளிரவைத்து நிறுத்தி யீஸ்ட்டை வடிகட்டுவார்கள், அல்லது நொதித்து முடிந்ததில் திராட்சைச் சாறு கலப்பார்கள். யீஸ்ட் மீந்திருந்தால் பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதிக்கும். கலங்கலும் குமிழியும் இருந்தால் சந்தேகப்படுங்கள். லேபிளில் ‘அகுஹா’ என்றிருந்தால் மட்டும் லேசான குமிழி இயல்பானது.

மீந்ததை இறுக மூடி ஃபிரிஜ்ஜில் நிற்கவைத்து 3, 4 நாளில் முடித்துவிடுங்கள். இந்த அளவு சர்க்கரை ஒயினைக் காக்காது.