ஊர்ப் பிள்ளைகளுக்கு வழிகாட்டுவது: கடிதம்

வணக்கம்.

எங்கள் ஊர் தருமபுரி மாவட்டம், அரூர் பக்கம். வெளியூரில் வேலை பார்க்கும் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து, ஊரில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளுக்கு வழிகாட்டத் தொடங்கினோம். தன்னம்பிக்கைப் பேச்சாளரை அழைத்தோம், நோட்டு கொடுத்தோம், வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். முதல் கூட்டத்துக்கு அறுபது பேர் வந்தார்கள். மூன்றாவது மாதம் ஐந்தே பேர், அதில் பெண் பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை. பெற்றோருக்கு அக்கறை இல்லை என்கிறார்கள் நண்பர்கள். எங்கே சறுக்கினோம்? டிரஸ்ட் பதிவு செய்துவிட்டு இறங்கியிருக்க வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பெற்றோருக்கு அக்கறை இல்லை என்ற பேச்சை முதலில் விடுங்கள். விடிந்ததும் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்பும் அம்மாவுக்கு உங்கள் கூட்டத்தால் என்ன ஆகப்போகிறது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். அவர் வீட்டு மஞ்சள் பையில் கிடக்கும் காகிதங்களைச் சரிசெய்து கொடுங்கள், தெரிந்துவிடும்.

பிளஸ் டூவில் தொடங்குவது தாமதம். ஒன்பதாம் வகுப்புதான் சரியான இடம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பள்ளி அனுப்பும் பெயர்ப் பட்டியலில் என்ன இருக்கிறதோ அதுதான் மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும். ஆதாரில் ஒரு இனிஷியல், பள்ளிப் பதிவேட்டில் வேறு இனிஷியல், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு தேதி என்று இருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. பட்டியல் போவதற்கு முன்பு தலைமையாசிரியரைப் பார்த்தால் வேலை சுலபம். சான்றிதழ் அச்சான பிறகு என்றால் தேர்வுத் துறை வரை மனு போட்டு அலைய வேண்டும்.

அடுத்தது வங்கிக் கணக்கு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டு மேற்படிப்புக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் வருகிறது. பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 முதல், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 முதல். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். ஆனால் ‘பணமே வரவில்லை’ என்ற புலம்பல் ஊருக்கு ஊர் கேட்கும். பெரும்பாலும் காரணம் சின்னது. சிறுவயதில் திறந்த சாதாரணக் கணக்கில் இரண்டு வருடம் வரவு செலவே இல்லாவிட்டால் வங்கி அதைச் செயல்படாத கணக்காக ஒதுக்கிவிடும். இன்னொன்று, ஆதார் வழியாக வரும் பணம் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும். இடையில் யாரோ சொல்லி தபால் துறை பேமெண்ட்ஸ் வங்கியில் கணக்கு திறந்து ஆதாரையும் இணைத்திருப்பார்கள். பணம் அங்கே சேர்ந்துகொண்டிருக்கும், பிள்ளை பழைய பாஸ்புக்கைப் பதிந்து பார்த்துக்கொண்டிருக்கும். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரியும்.

சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களுக்கு ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். மே மாதம் ரிசல்ட் வந்த பிறகு மையத்தில் கூட்டம், சர்வரும் படுத்துவிடும். முதல் பட்டதாரி விண்ணப்பம் நிற்பது பெரும்பாலும் உடன்பிறந்தவர்களின் படிப்பு விவரத்தில்தான். ரேஷன் கார்டில் உள்ள அண்ணன், அக்கா எதுவரை படித்தார்கள் என்பதற்கு டி.சி. நகல் கையில் இருக்கட்டும். அப்பா இறந்துபோன வீடு என்றால் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

இனி உங்கள் குழு. ஏழு பேருக்கு அறுபது பிள்ளைகள் தாங்காது. ஆளுக்கு மூன்று பேரை எடுத்து, ஒரு வருடமாவது விடாமல் இருங்கள். அமெரிக்காவில் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பின் இளைஞர்களை வைத்து 2002இல் வெளியான ஆய்வில், ஒரு வருடம் தாண்டிய உறவுகளில்தான் அதிகப் பலன் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் உறவு அறுந்துபோன பிள்ளைகளுக்குத் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. பாதியில் விடுவதாக இருந்தால் தொடாமலே இருப்பது மேல் என்பேன். மாதம் ஒரு முறை நேரில், வாரம் ஒரு முறை குறித்த நேரத்தில் பெற்றோர் போனில். உங்களில் ஒருவருக்கு வேலை மாற்றம் வந்தால் ஒரு மாதம் முன்பே பிள்ளையிடம் சொல்லி, அடுத்தவரை வீட்டுக்கே கூட்டிப்போய் அறிமுகப்படுத்திவிட்டு விலகட்டும்.

பெண் பிள்ளைகள் ஒருவர்கூட வரவில்லை என்கிறீர்கள். ஏழு பேரும் ஆண்கள்தானே? இல்லம் தேடிக் கல்வியில் பாடம் எடுத்த அக்காக்கள், அங்கன்வாடி ஊழியர், சுயஉதவிக் குழுத் தலைவி என்று ஊருக்குள்ளேயே ஆள் இருக்கிறார்கள். பெண் பிள்ளைகளை அவர்களிடம் விட்டுவிட்டு நீங்கள் காகித வேலைக்கு ஓடுங்கள். பையனோ பெண்ணோ, மூடிய அறையில் தனியாக உட்கார்ந்து பேசுவது கூடாது, இரவில் தனிச்செய்தி கூடாது. பாலியல் தொல்லை பற்றித் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் தருவது கட்டாயம். ‘ஊருக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். முழுப்பரீட்சை முடிந்து திடீரென்று ஒரு பெண்ணைக் காணோம், வீட்டில் பந்தக்கால் பேச்சு என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள். நீங்களே போய்ச் சண்டை போட்டால் கல்யாணம் வேறு ஊருக்கு மாறும், அவ்வளவுதான்.

‘நீ என்ன ஆகப்போறே’ என்ற கேள்வியால் ஒரு பயனும் இல்லை. பார்த்த வேலையைத்தான் பிள்ளை சொல்லும். ஒரு நாள் பஸ்ஸில் தருமபுரி அரசு கலைக் கல்லூரியையும் ஐடிஐ-யையும் காட்டிவிட்டு வாருங்கள். இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம், அங்கிருந்து பொறியியலிலும் அப்படியே என்பது பல வீடுகளுக்குத் தெரியாது. ரிசல்ட் அன்று பாஸானவர்களைப் பாராட்ட ஆள் நிறைய இருக்கும், ஃபெயிலானவர் வீட்டுக்கு நீங்கள் போங்கள். துணைத்தேர்வு விண்ணப்பத்துக்குச் சில நாட்கள்தான் அவகாசம். அதற்குள் பையன் திருப்பூர் பஸ் ஏறியிருப்பான்.

டிரஸ்ட் இப்போது வேண்டாம். ஜெராக்ஸ், இ-சேவைக் கட்டணம், பஸ் செலவுக்கு உங்கள் ஏழு பேர் பணமே போதும். வெளியாரிடம் நன்கொடை வாங்கும் நிலை வந்தால் பதிவு செய்யுங்கள். அப்போதும் ஒன்றைக் கவனியுங்கள்: இந்தியப் பாஸ்போர்ட் வைத்துள்ள துபாய் நண்பர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையில் சேராது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட நண்பர் அனுப்புவது சேரும், அதை வாங்க ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் அனுமதி வேண்டும்.