சட்டை அளவாக, டவுசர் தாராளமாக: ஏற்காட்டுப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் எடுக்கும் கணக்கு

கேள்வி: ஏற்காடு நாகலூரில் இருக்கிறோம். பையன் மூன்றாம் வகுப்பு போகிறான், பெண் ஒன்றாம் வகுப்பு. இருவரும் ஏற்காட்டில் ஒரு தனியார் பள்ளியில் படிக்கிறார்கள். கட்டம் போட்ட சட்டை, நேவி ப்ளூ டவுசர், ஸ்கர்ட், அதே நிறத்தில் ஸ்வெட்டர். ஜூனில் பள்ளி திறக்கிறது. ஷூவும் சேர்த்து இருவருக்கும் 5,000 ரூபாய்க்கு மேல் முடியாது. இரண்டு சைஸ் பெரிதாக எடுத்தால் இரண்டு வருஷம் ஓடும் என்கிறார் மாமியார். போன வருஷம் அப்படி எடுத்த சட்டைகள் ஆறு மாதத்திலேயே கிழிந்துவிட்டன. சேலத்தில் ரெடிமேட் எடுப்பதா, துணி வாங்கித் தைப்பதா? எத்தனை செட் போதும்?

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. டவுசருக்கும் ஸ்கர்ட்டுக்கும் அது பொருந்தும், சட்டைக்குப் பொருந்தாது. ஐந்து முதல் பத்து வயது வரை ஒரு பிள்ளை வருஷத்துக்கு 5 முதல் 6 செ.மீ. உயரும், அதாவது இரண்டு இன்ச்சுக்குச் சற்று மேலே. அந்த வளர்ச்சியில் பெரும்பங்கு காலுக்குத்தான் போகிறது. இடுப்பு ஒரு இன்ச் ஏறினாலே அதிகம், தோள் அரை இன்ச் ஏறும். இரண்டு சைஸ் கூட்டி எடுத்த சட்டையில் எல்லாமே ஒன்றாகப் பெருத்துவிடும்: தோள் தையல் கைக்கு இறங்கும், கழுத்து அகலும், அக்குள் வெட்டு கீழே போகும். பிள்ளை கையைத் தூக்கினால் கை மட்டும் ஏறாது, முழுச் சட்டையும் சேர்ந்து ஏறும். டவுசருக்குள் சொருகிய பகுதி இழுபடும், அக்குளுக்குக் கீழே பக்கத் தையல் விரியும். போன வருஷச் சட்டைகள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், கிழிசல் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருக்கும்.

ஆகவே சட்டையை ரெடிமேடாக, இப்போதைய அளவுக்கு ஒரே ஒரு சைஸ் மட்டும் கூட்டி எடுங்கள். தைக்கக் கொடுத்தாலும் தோளில் பிரித்துவிட இடம் வைக்க முடியாது என்பதால் தையல்கூலி கொடுப்பதில் லாபமில்லை. டவுசரையும் ஸ்கர்ட்டையும் துணி எடுத்துத் தையுங்கள். உள்ளே துணி விட்டுத் தைத்தால் அவை உண்மையிலேயே இரண்டு வருஷம் ஓடும். ரெடிமேடில் அந்த இடம் கிடைக்காது. ஓரத்தை ஓவர்லாக் அடித்து அரை இன்ச் கூட மிச்சமில்லாமல் வெட்டியிருப்பார்கள்.

எண்ணிக்கையை விலையை வைத்து அல்ல, துணி காயும் நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சேலம் நகரத்தில் இரவில் துவைத்துப் போட்டால் காலையில் காய்ந்துவிடும், இரண்டு சட்டையிலேயே சமாளிக்கலாம். மலையில் ஜூனுக்குப் பிறகு மழையும் மூடுபனியும் வந்துவிட்டால் கொடியில் போட்டது இரண்டு நாள் ஆனாலும் ஈரமாகவே கிடக்கும். உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று, பெட்டியில் ஒன்று என ஆளுக்கு மூன்று சட்டை தேவை. டவுசர், ஸ்கர்ட் ஆளுக்கு இரண்டு போதும், புதன்கிழமை மாற்றிக்கொள்ளலாம். நான்காவது செட் இப்போது வேண்டாம். தேவைப்பட்டால் டிசம்பரில், அப்போதைய அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

துணி விஷயத்திலும் மலைக்கு ஒரு நியாயம், நகரத்துக்கு ஒரு நியாயம். சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வைத்திருக்காது. முழுப் பருத்திச் சட்டை உங்கள் ஊரில் காய்வதற்குள் வாடை பிடித்துவிடும். பாலியஸ்டர் 65, பருத்தி 35 கலந்த டெரிகாட்டன்தான் உங்களுக்கு ஏற்றது. அதற்கு உள்ளே ஒரு பருத்தி பனியன் போட்டால் உறுத்தாது, குளிருக்கும் கொஞ்சம் தாங்கும். (சேலத்திலேயே இருப்பவர்கள் இதைப் படித்தால் தலைகீழாக எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் வெயிலில் டெரிகாட்டன் சட்டைக்குள் பிள்ளை வேர்த்து வேர்க்குரு போட்டுக்கொள்ளும். பருத்தி அதிகம் கலந்ததைக் கேட்டு வாங்குங்கள்.)

கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டியதில்லை. துணியின் ஓரத்தில் ஓர் இழையை உருவி, கடைக்கு வெளியே வந்து தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிவதுபோல் எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். கலப்புத் துணியில் இரண்டும் தெரியும். உருகிய மணியை உடனே தொடாதீர்கள், சுட்டுவிடும். கஞ்சி ஏற்றிய துணியைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக் கசக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். முதலில் கெட்டியாக இருந்தது கசக்கிய இடத்தில் சல்லடையாகத் தெரிந்தால், அந்தக் கனம் முதல் துவைப்பிலேயே போய்விடும்.

நேவி ப்ளூவுக்குச் சாயச் சோதனை கட்டாயம். வெள்ளைக் கைக்குட்டையின் ஒரு முனையை நனைத்து, துணியின் உள்பக்கம் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். லேசான நிழல்போல் ஒட்டினால் பரவாயில்லை. நீலமாகவே ஒட்டினால் விட்டுவிடுங்கள், அது கட்டச் சட்டையின் கீழ்ப்பாதி முழுவதையும் கெடுத்துவிடும்.

டவுசர், ஸ்கர்ட் இரண்டுக்கும் ஒரே துணியை, ஒரே பீஸிலிருந்து, ஒரே தடவையில் வெட்டி வாங்குங்கள். அடுத்த மாதம் வந்து கேட்டால் அதே நேவி ப்ளூ கொஞ்சம் வெளிறியோ கறுத்தோதான் வரும், சாயத்துக்குச் சாயம் மாறும். பாலியஸ்டர் விஸ்கோஸ் கலந்த சூட்டிங் துணி, 58 இன்ச் பன்னாவில் (அதாவது துணியின் அகலத்தில்) கேளுங்கள். எட்டு வயதுப் பையனின் அரை டவுசர் ஒன்றுக்கு 55 செ.மீ., ஆறு வயதுப் பெண்ணின் ஸ்கர்ட் ஒன்றுக்கும் 55 செ.மீ. ஆக நான்குக்கும் 2 மீட்டர் 20. சுருக்கத்துக்கும் ஒட்டுத்துணிக்கும் சேர்த்து இரண்டரை மீட்டராக எடுத்துவிடுங்கள். 36 இன்ச் பன்னா மலிவாகத் தெரியும். ஆனால் ஸ்கர்ட்டின் சுற்றளவுக்கு இரண்டு துண்டு போட வேண்டியிருக்கும், கடைசியில் அதுதான் அதிகம் பிடிக்கும்.

டெய்லரிடம் கொடுக்கும் முன் துணியை ஓர் இரவு பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் காயப்போட்டு, லேசான ஈரத்தில் இஸ்திரி போட்டுக் கொடுங்கள். சுருங்குவது தைப்பதற்கு முன்பே சுருங்கிவிடட்டும். இதைச் செய்யாததுதான் "டெய்லர் சின்னதாகத் தைத்துவிட்டார்" என்ற சண்டைகளில் பாதிக்குக் காரணம்.

டெய்லரிடம் வெறும் "வளரும் பிள்ளை, பார்த்துத் தையுங்க" என்று சொன்னால் போதாது. அவர் இடுப்பை லொடலொடவென்று வைத்துவிடுவார். இன்ச் கணக்கில் சொல்லுங்கள். டவுசரின் கால் ஓரத்தில் இரண்டரை இன்ச் உள்மடிப்பு. பின்பக்க நடுத்தையலில் மேலே ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை இன்ச் விட்டு, கீழே வரவர ஒடுக்க வேண்டும். இடுப்புப் பட்டியையும் அந்த நடுத்தையலில் இரண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும். பட்டியை ஒரே துண்டாக வைத்துவிட்டால் உள்ளே எவ்வளவு துணி இருந்தாலும் பிரித்துவிட முடியாது. கால் மடிப்பை மிஷினில் அடிக்க வேண்டாம், கை ஹெம்மிங் போடச் சொல்லுங்கள். மிஷின் ஊசி போன ஓட்டைகள் பாலியஸ்டர் துணியில் மூடாது, அடுத்த வருஷம் பிரிக்கும்போது புள்ளிக்கோடாகத் தெரியும்.

ஸ்கர்ட்டுக்கு ஒரு சின்னக் கணக்கு. முழு ப்ளீட் வைக்க இடுப்பைப்போல் மூன்று மடங்கு துணி வேண்டும். 21 இன்ச் இடுப்புக்கு 63 இன்ச், பன்னாவோ 58தான். அந்த ஐந்து இன்ச்சுக்காக இன்னொரு துண்டு வெட்டி ஒட்டச் சொல்லாதீர்கள். ப்ளீட்டைக் கொஞ்சம் ஆழம் குறைத்து, இரண்டே முக்கால் மடங்கில் முடிக்கச் சொல்லுங்கள். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. கீழ்மடிப்பு மூன்று இன்ச். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பள்ளியில் தானாகவே பாத்ரூம் போய் வர வேண்டும் என்பதால், பட்டியின் பின்பாதியில் எலாஸ்டிக், பக்கவாட்டில் ஒரே ஒரு பெரிய கொக்கி என்று வையுங்கள். பட்டனும் ஜிப்பும் சேர்ந்த ஸ்கர்ட் அழகுதான், ஆறு வயது விரலுக்குப் படியாது.

சட்டைக்கு வருவோம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏற வேண்டாம். வாந்தி எடுத்த பிள்ளை டிரையல் ரூமில் நிற்காது. இப்போது சரியாகப் பொருந்தும் ஒரு சட்டையை ஆளுக்கொன்று கையில் எடுத்துப் போங்கள். சைஸ் நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒருவரின் 24 இன்னொருவரின் 26. கடையில் பழைய சட்டையை விரித்து, அதன்மேல் புதியதை வைத்துப் பாருங்கள். தோளுக்குத் தோள் அரை முதல் முக்கால் இன்ச் கூடலாம், மார்புச் சுற்றில் இரண்டு இன்ச், நீளத்தில் இரண்டு முதல் மூன்று இன்ச். தோள் இதற்கு மேல் போனால், நீளம் எவ்வளவு ஆசை காட்டினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அப்படியே சட்டையை உள்புறம் திருப்பிப் பக்கத் தையலைப் பாருங்கள். ஒரு இன்ச்சுக்கு 10 முதல் 12 தையல் இருந்தால் நல்லது, ஏழெட்டு என்றால் வாய்விடும். இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல இழுங்கள், தையலுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். கட்டம் பாக்கெட்டில் சேர்கிறதா என்பதெல்லாம் பார்வைக்குத்தான், காலர் இரண்டு முனையும் ஒரே நீளமா என்று மட்டும் பார்த்தால் போதும். பட்டன் எப்படியும் தளரும். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றுக்கும் நாலு சுற்று நூல் போட்டுவிடுங்கள்.

எங்கே எடுப்பது? இந்த அளவுக்குச் சேலத்தில் ‘முதல் அக்ரஹாரம்’ என்ற தெரு, கடைவீதிப் பக்கமே போதும். துணிக்கடை, ரெடிமேட், பட்டன், எலாஸ்டிக் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. ஈரோடு கனி மார்க்கெட் சந்தை மலிவு என்று யாராவது சொல்வார்கள், உண்மையும்தான். ஆனால் அது பெரும்பாலும் மொத்த வியாபாரத்துக்கான இடம். இரண்டு பிள்ளைகளின் துணிக்காகப் போனால் மிச்சம் பிடித்தது பஸ் செலவிலேயே போய்விடும். பிளாட்பாரத்தில் கிடைக்கும் திருப்பூர் செகண்ட்ஸ் (சின்னக் குறைக்காக ஒதுக்கிய சரக்கு) பனியனும் டி-ஷர்ட்டும் தாராளமாக எடுக்கலாம். டி-ஷர்ட்டைத் தோளில் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள், பக்கத் தையல் நேராக இறங்காமல் முன்பக்கம் சுற்றி வந்தால் துவைக்கத் துவைக்க இன்னும் முறுக்கும். மே மாதக் கடைசி வாரத்துக்கு முன்பே போய்விடுங்கள். அதற்குப் பிறகு டெய்லர் எல்லாருக்கும் "நாளைக்கு" என்றுதான் சொல்வார்.

ரெடிமேடாக எடுப்பதில் ஸ்வெட்டர் ஒன்றுதான் மாமியார் சொன்னபடி பெரிதாக எடுக்கக்கூடியது. கைமுனையிலும் இடுப்பிலும் ரிப் பிடித்துக்கொள்வதால் ஒரு சைஸ் கூடினாலும் வழியாது, கையை ஒரு மடிப்பு மடித்துவிடலாம். அக்ரிலிக் போதும். கம்பளி கதகதப்பு அதிகம், ஆனால் விலையும் அதிகம், தப்பாகத் துவைத்தால் பொம்மைக்குத்தான் ஆகும். டிசம்பர், ஜனவரி விடியற்காலைக்கு உள்ளே ஒரு பனியன் கூடுதலாகப் போட்டால் அக்ரிலிக்கே தாங்கும். ஈர ஸ்வெட்டரைக் கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும், பழைய துண்டில் சுருட்டி அழுத்தி, பாயில் விரித்துக் காயவையுங்கள். பையனின் போன வருஷ ஸ்வெட்டர் நன்றாக இருந்தால் அதைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, அவனுக்கு மட்டும் புதிது எடுங்கள்.

ஷூவைக் கடைசியாக, பள்ளி திறக்கும் வாரத்தில் எடுங்கள். ஏப்ரலில் எடுத்தது ஜூனில் கடிக்கும். சாயங்காலம் சாக்ஸ் போட்டுப் பிள்ளையைக் காகிதத்தின்மேல் நிற்கவைத்துப் பாதத்தை வரைந்து, வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு பாதத்தில் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். ஷூவுக்குள் அந்தக் காகிதத்துக்கு முன்னால் ஒரு செ.மீ., கூடினால் ஒன்றேகால் இடம் இருக்கட்டும். ஷூ ஒரு நம்பருக்கு எட்டரை மில்லிமீட்டர் கூடும், இரண்டு நம்பர் கூட்டினால் குதிகால் உள்ளே ஏறி இறங்கிக் கொப்புளம் போடும். மழைக்காலத்துக்குக் கான்வாஸ் வேண்டாம், காயாது. கறுப்பு ரெக்ஸின், வெல்க்ரோ பட்டை. சாக்ஸ் மூன்று ஜோடியும் ஒரே மாதிரி எடுத்தால் ஒன்று தொலைந்தாலும் ஜோடி உடையாது.

உங்கள் 5,000 ரூபாயை இப்படிப் பிரிக்கலாம்: ஆறு சட்டைக்கு 1,700, டவுசர் ஸ்கர்ட் துணிக்கும் தையலுக்கும் 1,300, இருவரின் ஷூ சாக்ஸுக்கு 1,200, ஸ்வெட்டருக்கு 800. ஒரே ஸ்வெட்டர் எடுத்தால் அதில் மிச்சமாவது பனியனுக்கு ஆகும். எங்காவது இடித்தால் ஆளுக்கு ஒரு சட்டையைக் குறையுங்கள், ஷூவில் கை வைக்காதீர்கள். அரசு அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை சத்துணவுத் திட்டத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு நான்கு செட் சீருடை இலவசம். அப்படிப்பட்ட வீடுகள் பள்ளியில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கடைக்குப் போனால் போதும்.

அடுத்த மே மாதம் டவுசர் மடிப்பைப் பிரிக்கும்போது பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு தெரியும். முதலில் பழைய பல் பிரஷ்ஷால் அந்த மடிப்பில் அடைந்த அழுக்கைத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம பங்கு கலந்து கோட்டின்மேல் தடவி, மேலே மெல்லிய துணி போட்டு, மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். சூடு கூடினால் பாலியஸ்டர் பளபளப்பேறிவிடும், அது திரும்பப் போகாது. மடிப்பின் தடம் இதில் போய்விடும். வெயிலில் வெளிறியதால் வந்த கோடு போகாது. அதற்கு அந்தக் கோட்டின்மேலேயே நேவி ப்ளூ நூலில் இரண்டு வரிசைத் தையல் ஓட்டிவிட்டால், அப்படியே தைத்ததுபோல் இருக்கும்.