ஆப்லிவியன் கேமில் லெவல் ஏற ஏற என் கேரக்டர் ஏன் பலவீனமாகிறது? இதைச் சரிசெய்ய வழி உண்டா?

கேள்வி கேட்டவர் விளையாடுவது 2006-இல் வந்த பழைய ஆப்லிவியன். வில் பிடிக்கும் திருடன், லெவல் 15. மேஜர் ஸ்கில்களாக (லெவலை ஏற்றும் ஏழு முக்கியத் திறமைகள், மற்றவை மைனர்) அத்லெட்டிக்ஸ் (ஓட்டம்), அக்ரோபாட்டிக்ஸ் (குதித்தல்), ஸ்னீக் (பதுங்கல்), செக்யூரிட்டி (பூட்டுத் திறத்தல்), மார்க்ஸ்மேன் (வில்), ஸ்பீச்கிராஃப்ட் (பேச்சு), மெர்கன்டைல் (பேரம்) ஆகியவற்றை எடுத்திருக்கிறார். ஆரம்பத்தில் ஓரிரு அம்பில் விழுந்த கொள்ளையர்கள், இப்போது உடம்பெல்லாம் அம்போடு ஓடிவந்து வெட்டுகிறார்கள் என்கிறார்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் கைத்திறனில் குறை எதுவும் இல்லை. பெரும்பாலான ஆர்பிஜி கேம்களில் (ஒரு கேரக்டரை வளர்த்துக்கொண்டே போகும் விளையாட்டுகள்) லெவல் ஏறினால் லாபம் மட்டும்தான். ஆப்லிவியனில் அப்படி இல்லை. நீங்கள் ஒரு படி ஏறினால் உலகமும் கூடவே ஏறுகிறது. காட்டில் ஓநாய் திரிந்த இடத்தில் கரடியும் மினோட்டாரும் வந்து நிற்கும். கோப்ளின் வார்லார்ட் போன்றவற்றின் ஹெல்த் உங்கள் லெவலைப் பிடித்துக்கொண்டே மேலே போகும். தோல் கவசம் போட்டிருந்த கொள்ளைக்காரன் கண்ணாடிக் கவசத்துக்கு மாறிவிடுவான். அந்தக் கவசத்தை விற்றாலே ஆயிரக்கணக்கில் தங்கம் கிடைக்கும், ஆனால் அவன் வழியை மறித்து உங்களிடம் கேட்பது 100 தங்கம். விளையாடிய எல்லோரும் இதைப் பார்த்திருப்போம்.

ஆக, லெவல் ஏறும்போது சண்டைக்கு உதவும் விஷயங்களும் சேர்ந்து ஏறியிருக்கின்றனவா என்பதுதான் இங்கே கேள்வி. உங்கள் பில்டில், அதாவது ஸ்கில் தேர்வில், அவை ஏறவில்லை.

கணக்கைப் பாருங்கள். ஏழு மேஜர் ஸ்கில்களும் சேர்ந்து மொத்தம் 10 புள்ளி ஏறினால், படுத்துத் தூங்கியதும் ஒரு லெவல். லெவல் 15-க்கு வர 140 புள்ளி ஏறியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சமமாகப் பிரிந்திருந்தால்கூட மார்க்ஸ்மேனுக்குக் கிடைத்தது 20 புள்ளிதான். உண்மையில் அதுகூடக் கிடைத்திருக்காது. அத்லெட்டிக்ஸ் ஓடினாலே ஏறும், அக்ரோபாட்டிக்ஸ் குதித்தாலே ஏறும். ஓர் ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குக் குதித்துக் குதித்து ஓடினால் போதும், லெவல் பட்டை நிரம்பிவிடும். ஸ்பீச்கிராஃப்டும் அப்படித்தான், யாரிடமாவது அந்தப் பேச்சுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தால் ஏறும். நீங்கள் ஓடியதற்கும் பேசியதற்கும் விற்றதற்கும் சேர்த்து, சுரங்கத்தில் உள்ள எதிரிகள் பலசாலி ஆகியிருக்கிறார்கள்.

இன்னொரு அடி ஆட்ரிபியூட் (வலிமை, வேகம் போன்ற அடிப்படைக் குணங்கள்) பக்கமிருந்து விழுகிறது. தூங்கி எழுந்ததும் வரும் லெவல் திரையில் மூன்று ஆட்ரிபியூட்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். சிலவற்றின் பக்கத்தில் +2, +3, +5 என்று எண் இருக்கும், சிலவற்றின் பக்கத்தில் ஒன்றுமே இருக்காது. அந்த எண் சும்மா வருவதில்லை. அந்த ஆட்ரிபியூட்டைச் சேர்ந்த ஸ்கில்கள், மேஜரோ மைனரோ, இந்த லெவலில் எத்தனை முறை ஏறின என்பதைப் பொறுத்தது அது. 1 முதல் 4 வரை ஏறியிருந்தால் +2, 5 முதல் 7 வரை +3, 8 அல்லது 9 என்றால் +4, 10-ம் அதற்கு மேலும் +5. ஒன்றும் ஏறவில்லை என்றால் வெறும் +1.

உங்கள் பட்டியலை இதோடு வைத்துப் பாருங்கள். அத்லெட்டிக்ஸ், அக்ரோபாட்டிக்ஸ் இரண்டும் ஸ்பீடுக்குப் போகும். ஸ்பீச்கிராஃப்ட், மெர்கன்டைல் இரண்டும் பெர்சனாலிட்டிக்கு. ஸ்னீக், செக்யூரிட்டி, மார்க்ஸ்மேன் மூன்றும் அஜிலிட்டிக்கு. அஜிலிட்டி வில்லுக்கு நல்லது, அது சரி. ஆனால் என்டூரன்ஸுக்கு (தாக்குப்பிடிக்கும் திறன்) ஒன்றுகூட இல்லை. இந்த கேமில் எனக்கு முக்கியமாகப் படும் ஆட்ரிபியூட் அதுதான். ஒவ்வொரு லெவலிலும் அந்த நேரத்து என்டூரன்ஸில் பத்தில் ஒரு பங்கு ஹெல்த்தாகச் சேரும். என்டூரன்ஸ் 40 என்றால் 4, 100 என்றால் 10. பழைய பதிப்பில், என்டூரன்ஸைப் பின்னால் ஏற்றினாலும் முந்தைய லெவல்களில் விட்டுப்போன அந்தப் பங்கு திரும்பி வராது. அதனால்தான் பழைய ஆட்டக்காரர்கள் எல்லோரும் என்டூரன்ஸை முதலில் ஏற்று என்று தலையில் அடித்துச் சொல்கிறார்கள். நானும் அதையேதான் சொல்வேன்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் யோசனை இது. தயாராக இருக்கும் 21 வகுப்புகளில் எதையும் எடுக்காதீர்கள், கஸ்டம் வகுப்பு உருவாக்குங்கள். நீங்களாக விரும்பிப் பயன்படுத்தினால் மட்டும் ஏறும் ஸ்கில்களை மேஜரில் வையுங்கள். வாள்வீச்சான பிளேடு, மார்க்ஸ்மேன், மந்திர வகைகளான டெஸ்ட்ரக்‌ஷன், கான்ஜுரேஷன், இல்யூஷன், செக்யூரிட்டி போன்றவை. அத்லெட்டிக்ஸ், அக்ரோபாட்டிக்ஸ் இரண்டும் மைனரில் கிடக்கட்டும். அப்போதும் அவை ஏறும், ஸ்பீடுக்கான கணக்கும் விழும், ஆனால் லெவலைத் தள்ளாது. மருந்து கலக்கும் ஆல்கெமியும் அப்படியே. ஒரு கூடை காய்கறி, பூக்களைக் கலக்கி உட்கார்ந்த இடத்தில் லெவல் ஏறுவது யாருக்கும் நல்லதில்லை.

என்டூரன்ஸின் மூன்று ஸ்கில்கள் ஆர்மரர் (பழுதுபார்த்தல்), பிளாக் (அடியைத் தடுத்தல்), ஹெவி ஆர்மர் (கனமான கவசம்). இவற்றில் இரண்டையாவது மைனரில் விடுங்கள். மைனர் ஸ்கில்கள் 5-இலிருந்து தொடங்குவதால் ஆரம்பத்தில் மளமளவென்று ஏறும். ஆர்மரர் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு குகையை முடித்து வெளியே வந்ததும் சுத்தியலை எடுத்து, அடி வாங்கிய கவசம், மழுங்கிய கத்தி, எதிரியிடம் எடுத்த இரும்புச் சாமான் என எல்லாவற்றையும் தட்டிச் சரிசெய்தால் ஒன்றிரண்டு புள்ளி வந்துவிடும். பழுதான ஆயுதம் குறைவாகத்தான் அடிக்கும் என்பதால் எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான். 50-ஐத் தொட்டால் மந்திரப் பொருட்களையும் நீங்களே சரிசெய்யலாம். 75-இல் ஒரு பொருளை 125 சதவீதம் வரை கொண்டுபோகலாம்.

பிளாக் ஏற்ற மட்கிராப் என்ற நண்டு போதும். ஆற்றங்கரையில் ஒன்றைக் கண்டால் உடனே கொன்றுவிடாமல் கேடயத்தைத் தூக்கிப் பிடித்து நில்லுங்கள். அது பக்கவாட்டில் நகர்ந்து வந்து டொக் டொக்கென்று கொடுக்கால் அடிக்கும். ஃபெட்டீக் (தெம்பு) பட்டை குறையும், பிளாக் ஏறும். பட்டை தீரப்போகிறது என்றால் ஒரே வெட்டில் முடித்துவிட்டு நடையைக் கட்டலாம். இதை மணிக்கணக்கில் செய்யச் சொல்லவில்லை, போகிற வழியில் கொஞ்ச நேரம் போதும்.

பிறப்பு ராசியில் வாரியர் எடுத்தால் ஸ்ட்ரெங்க்த், என்டூரன்ஸ் இரண்டுக்கும் 10 கிடைக்கும். வகுப்பு உருவாக்கும்போது கேட்கும் இரண்டு விருப்ப ஆட்ரிபியூட்களில் என்டூரன்ஸும் ஒன்றாக இருக்கட்டும், அங்கே 5. ஆட்டத்தின் தொடக்கத்தில் சிறையிலிருந்து தப்பி, சாக்கடைக் குகையை விட்டு வெளியேறும் இடத்தில் இனம், ராசி, வகுப்பு எல்லாவற்றையும் மாற்ற கடைசி வாய்ப்பு தருவார்கள். அங்கே தனியாக ஒரு சேவ் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேறு பில்ட் பார்க்க ஆசை வந்தால் சிறையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. ஒவ்வொரு லெவலிலும் மூன்று +5 வாங்கியே தீருவேன் என்று பேப்பரில் கோடு போட்டு எண்ணி விளையாடுபவர்கள் உண்டு. அது தேவையே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். என்டூரன்ஸும் உங்கள் ஆயுதத்துக்கான ஆட்ரிபியூட்டும் +3, +4 என்று வந்துகொண்டிருந்தால் யாரும் உங்களை அசைக்க முடியாது. கேம் நடக்கும் சிரடீல் அவ்வளவு அழகான நாடு. மலையேறி இம்பீரியல் நகரக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிய நேரத்தில், இந்த லெவலில் பிளாக் எத்தனை ஏறியது என்று யோசித்துக்கொண்டிருப்பது பெரிய இழப்பு.

2025 ஏப்ரல் 22 அன்று வந்த ரீமாஸ்டரில் (புதுப்பித்த பதிப்பு) இந்தத் தலைவலியைப் பெருமளவு குறைத்துவிட்டார்கள். அதில் லெவலுக்கு 12 புள்ளி தருவார்கள், மூன்று ஆட்ரிபியூட்களுக்குப் பிரித்துக்கொள்ளலாம், ஒன்றுக்கு அதிகபட்சம் 5. எந்த ஸ்கில் எத்தனை முறை ஏறியது என்ற எண்ணிக்கை இல்லை. எதிரிகள் கூடவே ஏறுவது மட்டும் அப்படியே இருக்கிறது.

சரி, உங்கள் லெவல் 15 திருடனுக்கு வருவோம். அழிக்க வேண்டாம், நிச்சயமாகத் தேற்றலாம்.

இப்போதைக்குப் படுக்கைப் பக்கம் போகாதீர்கள். தூங்காதவரை லெவல் ஏறாது, எதிரிகளும் இருந்த இடத்திலேயே நிற்பார்கள், ஸ்கில்கள் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். இந்த இடைவெளியில் ஆர்மரரையும் பிளாக்கையும் ஏற்றுங்கள். உங்களுக்கு இரண்டுமே மைனர், இன்னும் அடிமட்டத்தில் இருக்கும். கையில் தங்கம் இருந்தால் பயிற்சியாளரிடம் போங்கள், ஒரு லெவலுக்கு ஐந்து புள்ளி வரை வாங்கலாம். அந்த ஐந்தையும் மார்க்ஸ்மேனில் போடாமல் என்டூரன்ஸ் ஸ்கில்களில் போடுங்கள். மார்க்ஸ்மேன் நீங்கள் விளையாடும்போதே ஏறிவிடும். அடுத்தடுத்த லெவல்களில் என்டூரன்ஸுக்கு +4, +5 கிடைத்தால், ஐந்தாறு லெவலுக்குள் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அதுவரை உயிரோடு இருக்க உங்களிடம் ஏற்கெனவே ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது, ஸ்னீக். அது 25-ஐத் தாண்டியிருந்தால், பார்க்காத எதிரி மீது விடும் அம்புக்கு மூன்று மடங்கு, ஒற்றைக் கைக் கத்திக்கு ஆறு மடங்கு சேதம். அதனால் முதல் அடியைக் கத்தியால் போடும் பழக்கத்துக்கு வாருங்கள். அப்புறம் விஷம். நைட்ஷேடு, ஸ்பிடல் ஸ்டிக் என்ற செடிகள் இரண்டுக்கும் முதல் குணமே ஹெல்த்தைக் குறைப்பது, எனவே ஆல்கெமி துளியும் தெரியாதவர்கூட இரண்டையும் கலந்து விஷம் செய்யலாம். ஒரு குப்பி ஒரே அடிக்குத்தான், அதைப் பெரிய எதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிடல் ஸ்டிக் ஆப்லிவியன் வாசல்களுக்கு (அரக்க உலகத்துக்குத் திறக்கும் கதவுகள்) உள்ளேதான் கிடைக்கும், போகும்போது கை நிறையப் பறித்து வாருங்கள்.

இத்தனைக்கும் பிறகும் சண்டை இழுத்துக்கொண்டே போனால், கடினத்தைக் கூட்டிக் குறைக்கும் டிஃபிகல்டி ஸ்லைடரை இடது பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான். பழைய பதிப்பில் சிறிய நகர்வுக்கே நீங்கள் அடிப்பதும் வாங்குவதும் நன்றாக மாறிவிடும். என்டூரன்ஸ் தேறியதும் நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம்.