காட்டு ஜின்செங் வேருக்கு 18,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் நடந்த ஒரு பொருட்காட்சியில் என் மாமனாருக்காக, உடலுக்குத் தெம்பு தரும் என்று விற்கப்படும் ஜின்செங் வேரை விசாரித்தேன். அமெரிக்க மலைக்காட்டில் தானாக விளைந்தது என்று 10 கிராம் எடையுள்ள முழு வேரை 18,000 ரூபாய்க்கும், பயிரிட்டது என்று 60 மாத்திரைகள் அடங்கிய டப்பாவை 1,400 ரூபாய்க்கும் காட்டினார்கள். காட்டு வேருக்குப் பல மடங்கு சக்தி உண்டென்று ஆய்வில் நிரூபித்துவிட்டார்கள் என்று சொன்னதை நம்பி, வேருக்கு 3,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். மாமனாருக்கு 68 வயது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இதய வால்வு அறுவைச் சிகிச்சைக்குப் பின், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும் எடுத்துக்கொள்கிறார். மீதிப் பணத்தைக் கட்டலாமா? (வாசகி, பெருந்துறை)

பதில்: கட்ட வேண்டாம். 1,400 ரூபாய் டப்பாவும் உங்கள் மாமனாருக்கு வேண்டாம். அமெரிக்க ஜின்செங் வார்ஃபரினின் வேலையைக் குறைத்துவிடுகிறது என்பது, ஆரோக்கியமான 20 பேரிடம் நடத்தி 2004ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் தெரிந்தது. வால்வில் இரத்தம் உறையாமல் இருப்பதற்காகத்தான் அந்த மாத்திரையையே கொடுக்கிறார்கள். அதன் வேலை குறைந்தால் என்ன ஆகும் என்பதை அவருடைய இதய மருத்துவரே விளக்குவார். சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடும் வாய்ப்பும் உண்டு. வீட்டில் ஏற்கெனவே கொஞ்சம் கொடுத்திருந்தால், அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி, விற்பவர் சொன்ன ஆய்வுக்கு வருவோம். ஜின்செங்கின் குணத்துக்குக் காரணமாகக் கருதப்படுபவை ஜின்செனோசைடு என்னும் சேர்மங்கள். கொரிய ஜின்செங், அமெரிக்க ஜின்செங் இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த வெவ்வேறு இனங்கள் என்பதால் அவற்றில் இந்தச் சேர்மங்களின் கலவையும் வேறுபடும். ஆர்எஃப் என்ற ஜின்செனோசைடு கொரிய இனத்தில் இருக்கும், அமெரிக்க இனத்தில் இராது. வேரின் வயது, மண், நிழல், பதப்படுத்தும் முறை எல்லாமே அளவை மாற்றுகின்றன. வேரை வெறுமனே காயவைத்தால் வெள்ளை ஜின்செங், ஆவியில் வேகவைத்துக் காயவைத்தால் சிவப்பு ஜின்செங். வேகும்போதே சில சேர்மங்கள் வேறாக மாறிவிடுகின்றன. மஞ்சளை வேகவைத்துப் பதப்படுத்தும் ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

காட்டில் நிழலில் மெதுவாக வளர்ந்த பல வருட வேர், தோட்டத்தில் சுமார் 4 முதல் 6 ஆண்டுகளில் தோண்டிய வேரைவிட முதிர்ந்திருக்கக்கூடும் என்பது உண்மை. ஆனால் அதனால் அது மனித உடலில் பல மடங்கு வேலை செய்யும் என்று காட்டிய நம்பகமான மருத்துவச் சோதனை கிடையாது. மனிதரிடம் நடந்த சோதனைகளில் பெரும்பாலானவை பயிரிட்ட வேரிலிருந்து எடுத்த, அளவு நிர்ணயித்த சாறுகளைக் கொண்டே நடந்தவை. விளைந்த இடத்தைவிட அந்தந்தச் சரக்கே முக்கியம் என்பதற்கு நல்ல சான்று உண்டு. டொராண்டோ ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 3 கிராம் அமெரிக்க ஜின்செங் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றத்தைக் குறைத்தது. அதே குழுவினர், ஜின்செனோசைடு குறைந்த இன்னொரு சரக்கைக் கொண்டு சோதித்து 2003இல் வெளியிட்டபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. கடைகளில் விற்கும் 25 ஜின்செங் பொருட்களைச் சோதித்த 2001ஆம் ஆண்டு ஆய்விலோ, சேர்மங்களின் அளவு மாத்திரை, தூள் வகைகளுக்குள் 15 மடங்கு வரையும், திரவ வகைகளுக்குள் 36 மடங்கு வரையும் வேறுபட்டது. ஆகவே விலை கொடுக்க வேண்டியது “காடு” என்ற சொல்லுக்கு அல்ல, அந்தச் சரக்கின் ஆய்வக அறிக்கைக்கு. மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கு பயிரிடுவோருக்கு இது புதிதல்ல. அந்த விதையைத் தோட்டத்தில் விளைந்ததென்று யாரும் ஒதுக்குவதில்லை, அதிலுள்ள கொல்ச்சிசின் என்ற மருந்துச் சேர்மத்துக்காகவே வாங்குகிறார்கள்.

அது உண்மையிலேயே காட்டு வேர்தானா என்பதற்கு ஒரு காகிதம் கேட்கலாம். அளவுக்கு மீறித் தோண்டியதால் அமெரிக்க ஜின்செங் 1975 முதல் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. தூளும் மாத்திரையும் அதற்குள் வாரா. முழு வேரும் துண்டு வேரும் வரும். அமெரிக்காவிலிருந்து வணிகத்துக்காக வரும் முழு வேருக்கு ஏற்றுமதி அனுமதி இருக்க வேண்டும். காட்டில் எடுத்ததா, பயிரிட்டதா என்பதற்கான குறியீடும் அதில் இருக்கும். காட்டு வேர் 5 வயதுக்குக் குறைந்திருந்தால் அமெரிக்கா ஏற்றுமதிக்கே அனுமதிப்பதில்லை. வேரின் கழுத்தில் ஆண்டுக்கொன்றாக விழும் தழும்பை எண்ணி வயதைக் கணிப்பார்கள் என்றாலும், உலர்ந்த வேரை மட்டும் பார்த்து நாம் முடிவுக்கு வருவது ஆபத்து. நம் வாசலில் பூக்கும் அந்திமந்தாரையின் கிழங்கே சீனச் சந்தையில் ஜின்செங் என்ற பெயரில் கலப்படமாக விற்கப்பட்டிருக்கிறது.

அந்த அனுமதியின் நகலையும் ஆய்வக அறிக்கையையும் கேட்டு, அவை கிடைக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தரும்படி விற்றவருக்கு ஸ்பீட் போஸ்டில் எழுதுங்கள். ரசீதையும், அவர்கள் கொடுத்த துண்டறிக்கையையும் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அடுத்த படியாக, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஈரோடு மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரையிலான விலைக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: நாட்டு மருந்துக் கடையில் “இந்திய ஜின்செங்” என்று ஒரு தூள் மலிவாகக் கிடைக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றா? நான் தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: ஒன்றல்ல. அது நம் அமுக்கராக் கிழங்கு. அசுவகந்தா என்பதும் அதுவே. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச் பகுதிகளில் பெருமளவில் பயிராகிறது. கத்திரிக்காய்க் குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் செடியில் இருப்பவை வித்தனோலைடுகள்; ஜின்செனோசைடு இல்லை. சொந்தப் பெயரும் நெடிய வழக்கமும் உள்ள மருந்தை இரவல் பெயரில் விற்பது எனக்கு உடன்பாடில்லை. தைராய்டு சுரப்பின் அளவை அமுக்கரா மாற்றக்கூடும் என்பதால், உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.