நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குப் பள்ளியில் பரிசு கொடுத்தால் போதாதா? தனிப் பயிற்சி வேறு கேட்க வேண்டுமா?

உங்கள் மகன் ஏழாவது படிக்கிறான், வகுப்பில் முதல், ஆண்டுவிழாவில் பரிசும் வாங்கிவிட்டான், இதற்கு மேலும் பள்ளியிடம் கேட்டால் மற்ற பெற்றோர் என்ன நினைப்பார்களோ என்று எழுதியிருக்கிறீர்கள். அரசுப் பள்ளி அல்லது உதவிபெறும் பள்ளி என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். கேளுங்கள். நான் ஒரு வருடம் தாமதமாகத்தான் கேட்டேன்.

எனக்குச் சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் வேலை. வீட்டில் மூன்று எவர்சில்வர் தட்டுகள் இருக்கின்றன. மூன்றிலும் மகளின் பெயர், வகுப்பு, ஆண்டு எல்லாம் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். விருந்தாளி வந்தால் மட்டும்தான் அவள் அம்மா அவற்றை வெளியே எடுப்பாள். எனக்கும் அந்தத் தட்டுகள் மேல் பெருமை உண்டு. பரிசே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏழாவதில் ஒருநாள் அவள் நோட்டைப் புரட்டினேன். பாதிக் கணக்கு போடாமல் கிடந்தது. தெரியவில்லையா என்று கேட்டேன். "தெரியும்ப்பா. சீக்கிரம் முடிச்சா பேசுறவங்க பேரைப் போர்டுல எழுதச் சொல்வாங்க, இல்லாட்டி எல்லார் நோட்டையும் திருத்தச் சொல்வாங்க. அதான் மெதுவா போடுறேன்" என்றாள். டீச்சரைக் குறை சொல்லவில்லை. வகுப்பில் 47 பேர், அவர் ஒருவர். முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளையை அவரும்தான் என்ன செய்வார்? ஆனால் என் மகள் வேண்டுமென்றே மெதுவாக எழுதப் பழகிக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரமே போய்க் கணக்கு டீச்சரைப் பார்த்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு துண்டுத் தாளில் 2, 6, 12, 20, 30 என்று எழுதி, "இந்த வரிசையில நூறாவது எண் என்னன்னு பாத்துட்டு வரச் சொல்லுங்க" என்று கொடுத்தார். பிரஸ்ஸிலிருந்து நான் கொண்டுவரும் வேஸ்ட் காலண்டர் தாள்களின் பின்பக்கம்தான் எங்கள் வீட்டில் ரஃப் நோட்டு. முதலில் 4, 6, 8 என்று வித்தியாசத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். முப்பதாவது எண் 930 வரைக்கும் வந்துவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை. திடீரென்று "அப்பா, இது ஒன்னு ரெண்டு ரெண்டு, ரெண்டு மூனு ஆறு, மூனு நாலு பன்னெண்டு!" என்று கத்தினாள். பிறகு ஒரே வரி: 100 × 101 = 10,100. தட்டு வாங்கி வந்த நாளில்கூட அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

எட்டாவது வந்ததும், என்.எம்.எம்.எஸ். தேர்வுக்குச் சனிக்கிழமைகளில் பயிற்சி வைக்க முடியுமா என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அரசு, உதவிபெறும் பள்ளிகளில் எட்டாவது படிப்பவர்களுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகைக்கான தேர்வு இது. ஏழாவதில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மனத்திறன் தாளில் 90 கேள்வி, பாடத் தாளில் 90 கேள்வி. தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை வருடம் 12,000 ரூபாய். (ஊரகத் திறனாய்வுத் தேர்வு என்று ஒன்பதாவதில் இன்னொன்று உண்டு. நாங்கள் மாநகராட்சி எல்லைக்குள் இருப்பதால் அது எங்களுக்குக் கிடையாது.)

நீங்கள் பயப்படுவது அந்தக் கூட்டத்திலேயே நடந்தது. ஓர் அக்கா எழுந்து, "உங்க பொண்ணுக்கு கிளாஸ் கேக்குறீங்களே அண்ணே, என் பையன் கணக்குல பதினெட்டு மார்க்கு. அவனுக்கு யாரு கிளாஸ் எடுப்பா?" என்று கேட்டார். நான் பதிலுக்கு ஏதோ சூடாகப் பேசிவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது நியாயம்தான். டீச்சர்தான் "யாரு வேணாலும் வரலாம், மார்க்கு பாக்க மாட்டேன்" என்று முடித்துவைத்தார். முதல் சனிக்கிழமை 11 பேர், தீபாவளிக்குப் பிறகு 6 பேர். அந்த அக்காவின் மகன் கடைசி வரை வந்தான்.

மனத்திறன் தாளில் தாள் மடிப்புக் கேள்விகள் வரும். ஒரு தாளை இரண்டு தடவை மடித்து ஒரு ஓட்டை போட்டிருப்பார்கள். விரித்தால் ஓட்டைகள் எங்கெங்கே இருக்கும் என்று நான்கு படங்களில் சரியானதைக் காட்ட வேண்டும். என் மகளுக்கு அது பிடிபடவே இல்லை. நான்கு ஓட்டை வரும் என்று சொல்லிவிடுவாள், எந்த மூலையில் என்று தடுமாறுவாள். அந்தப் பையன் படத்தைப் பார்த்ததுமே விரலை வைத்துவிடுவான். அவர்கள் வீட்டில் அட்டைப்பெட்டி மடிக்கும் வேலை, சின்ன வயதிலிருந்து கைப்பழக்கம். அவன்தான் என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தான். எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, காலண்டர் தாளை மடித்து, ஆணியால் குத்தி, ஒவ்வொரு மடிப்பாக விரித்துக் காட்டுவான். வகுப்பில் ஒருவன் தன்னைவிடக் கெட்டிக்காரனாக இருப்பதை அவள் அதுவரை பார்த்ததில்லை. முதல் வாரம் அழுதாள். அப்புறம் அவன் வரும் நேரத்துக்குத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

மகள் தேர்வானாள். அந்தப் பையன் பாடத் தாளில் விட்டுவிட்டான். எனக்கு அது இன்னும் வருத்தம்தான். கணக்கில் இப்போது ஐம்பதுக்கு மேல் எடுக்கிறான், தாங்க முடியாத சந்தோஷம் என்று அவன் அம்மாவே என்னிடம் சொன்னார். பணத்துக்காகப் பிள்ளையை விரட்டுகிறீர்களே என்று சிலர் எழுதக்கூடும். எங்களைப் போன்ற குடும்பத்துக்கு 12,000 ரூபாய் சின்னத் தொகை இல்லை.

அந்தப் பணம் கைக்கு வருவதற்குள் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிப் பதிவேட்டில் மகளின் பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும், ஆதாரில் என் முழுப் பெயர். வங்கியில் ஆதாரை இணைக்க முடியாது என்றார்கள். ஆதாரைத் திருத்திக்கொண்டு போனால் பாஸ்புக்கைத் திருத்து என்றார்கள். மூன்று தடவை அலைந்தேன், மூன்று தடவையும் அரை நாள் சம்பளம் போனது. ஆடிப்பெருக்கு முடிந்து பிரஸ்ஸில் காலண்டர் வேலை தலைக்கு மேல் கிடக்கும் நேரம் அது. அந்தக் கவுன்டரில் ஒருவர்கூட "என்னென்ன கொண்டுவரணும்" என்று மொத்தமாக ஒரே தடவையில் சொல்லவில்லை. படிக்கிற பிள்ளைக்கு அரசு கொடுக்கும் பணம் ஓர் எழுத்துக்காக நிற்பதை என்னால் இன்றைக்கும் ஏற்க முடியவில்லை. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும்.

அதனால் தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பையனின் ஆதாரையும் பள்ளிப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்துக்கூட்டிப் பாருங்கள். சனிக்கிழமை வகுப்பைப் பற்றி டீச்சரிடம் பேசும்போது, உங்கள் பையனுக்கு மட்டும் என்று கேட்காதீர்கள்.