வாடைக்காற்றில் வந்த கடிதங்கள்

பாம்பனில் மூன்று நாளாக வாடை விடவில்லை. மாடியில் காயப்போட்ட சேலையைப் பக்கத்து வீட்டு முருங்கையிலிருந்து எடுத்து வந்தேன். உங்கள் கடிதங்கள் பறக்காமல் இருக்க மேலே அம்மிக்குழவியை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நான் டாக்டர் இல்லை. மண்டபம் பக்கத்துத் துணை சுகாதார நிலையங்களில் 31 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊருக்கு நர்ஸம்மா.

என் வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். தடைக்காலம் வந்தால் வேறு ஆளாகிவிடுகிறார். ராத்திரி தூக்கமில்லை, பகலெல்லாம் படுக்கை, சாயந்திரமானால் குடி, பிள்ளைகள் மேல் எரிச்சல். வரப்போகிற ஏப்ரலை நினைத்தால் இப்போதே வயிற்றைக் கலக்குகிறது.
வாசகி, தொண்டி

தங்கச்சி, மார்கழியிலேயே எழுதினாயே, அதுவே பாதி வேலை. சித்திரையில் எழுதியிருந்தால் நான் பதில் எழுதி அச்சாகி வருவதற்குள் தடைக்காலமே முடிந்திருக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீன் முட்டையிட்டுப் பெருக விடுகிற காலம். பேறுகாலம் பார்த்தே பிழைத்தவள் நான், மீனுக்கும் அந்த விடுப்பு வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் படகுக்குப் போகிற மனுசனின் உடம்புக்கு அந்த 61 நாள் என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. காலையில் கிளம்பி, ராவெல்லாம் வலை இழுத்து, மறுநாள் விடிந்து கரை சேருகிற ஆள் அவர். இத்தனை வருடமும் ராத்திரியில் முழித்திருக்கத்தான் அந்த உடம்பு பழகியிருக்கிறது. ஏப்ரல் 15 அன்று திடீரென்று 'ராத்திரி தூங்கு' என்றால் அது கேட்குமா? அவர் சோம்பேறியாகிவிட்டார் என்று நினைக்காதே. உடம்பின் கடிகாரம் இன்னும் படகிலேயே இருக்கிறது.

அந்தக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பது காலை வெளிச்சம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழுப்பிவிடு. எழுந்ததும் அரை மணி நேரம் வெளியில் இருக்கட்டும், டீக்கடை வரைக்கும் போய் வந்தாலும் போதும். பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம். ஒரு வாரம் சிடுசிடுப்பார், பொறுத்துக்கொள்.

என் அப்பாவுக்கு வள்ளம். அந்தக் காலத்தில் தடைக்காலம் என்று ஒன்று கிடையாது, காற்றுதான் தடை. தெற்குக் கடல் பொங்கினால் வள்ளத்தை வடக்குக் கடலுக்குக் கொண்டுபோவார். வடக்கும் பொங்கினால் வேலையில்லை. ஆனாலும் வழக்கம்போல நாலு மணிக்கு எழுந்து கரைக்குப் போவார். பூவரச மரத்தடியில் இன்னும் நாலு பேர் இருப்பார்கள். கடலைப் பார்ப்பார்கள், கிழிந்த வலையை எடுத்து மடியில் போட்டுக்கொள்வார்கள், எட்டு மணிக்கு வெறுங்கையோடு வருவார். "போகாத கடலுக்கு என்னத்துக்கு இந்த நடை?" என்று அம்மா திட்டுவாள். எனக்கும் அப்போது அது வெட்டி வேலையாகத்தான் தெரிந்தது. பிறகு எத்தனையோ வீடுகளுக்குள் போய்ப் பார்த்த பின்தான் புரிந்தது, அந்த நாலு மணி நடைதான் அவரை வீட்டில் கத்தவிடாமல் வைத்திருந்தது என்று.

உன் வீட்டுக்காரரின் படகையும் தடைக்காலத்தில் கரையேற்றித்தானே வேலை பார்ப்பார்கள்? பெயின்ட் அடிக்க, பலகை மாற்ற ஆள் வேண்டும். கூலி குறைச்சலாக இருந்தாலும் போகட்டும். இப்போதே படகுக்காரரிடம் சொல்லிவைக்கச் சொல்.

குடி விஷயம் வேறு. தினமும் குடிக்கிறவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், இல்லாததைப் பார்ப்பது, வலிப்பு வரைக்கும் போகும். மாதா கோயிலில் சத்தியம் வாங்குவதற்கு முன்னால் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போ. அப்புறம், உன் மேல் கை ஓங்கினால் அதற்கு வெளிச்சம், கடிகாரம் என்ற கணக்கெல்லாம் கிடையாது. அதை மட்டும் எனக்குத் தனியாக எழுது.

வெறுங்காலில் கடற்கரை மணலில் நடந்தால் பூமியின் சக்தி உடம்பில் ஏறும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. எனக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. நடக்கலாமா?
வாசகர், தேவிபட்டினம்

செருப்புப் போட்டு நடங்கள், ஐயா. நம் கரையில் சிப்பி ஓடு, தூண்டில் முள், உடைந்த பாட்டில் எல்லாம் இருக்கும். பத்து வருடச் சர்க்கரையில் நரம்பு மரத்துப்போயிருந்தால் உங்கள் பாதத்துக்கு வலி தெரியாது. சாக்ஸில் ரத்தம் பார்த்த பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு. வெயில் மணல் சுட்டதே தெரியாமல் கொப்புளத்தோடு வந்தவரும் உண்டு. காலில் புண் இருந்தால் கடல் தண்ணீரில் நனைக்கவும் வேண்டாம், 'உப்புத்தண்ணி புண்ணை ஆற்றும்' என்று யார் சொன்னாலும் சரி. நடந்து வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பேரன் பார்க்கட்டும்.

என் அப்பாயி தனுஷ்கோடியில் வாழ்ந்தவர். வயது 80. மார்கழியில் காற்று வீசினால் துணிமணியை மூட்டை கட்டி வாசலில் வைத்துக்கொண்டு ராவெல்லாம் உட்கார்ந்திருக்கிறார். எங்களையும் எழுப்புகிறார். தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?
வாசகி, ராமேஸ்வரம்

மாத்திரையைப் பற்றி முதலில். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். இந்த வயதில் தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு ராத்திரி ஒண்ணுக்குப் போக எழுந்தால் விழுந்து இடுப்பெலும்பு முறியும். நான் பார்த்திருக்கிறேன்.

1964 டிசம்பர் 22 ராத்திரி, தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது எனக்கு ஐந்து வயது. தங்கச்சிமடத்தில் ஓலை வீடு. கூரை போனது நினைவில்லை. அம்மா என்னையும் தம்பியையும் இரண்டு இடுப்பிலும் வைத்துக்கொண்டு கோயிலுக்குள் ஓடியது நினைவிருக்கிறது. அங்கே யாரோ கொடுத்த சோற்றில் மணல் நறநறத்தது. இன்றைக்கும் சோற்றில் ஒரு கல் கடிபட்டால் எனக்குக் கோபம் வராது, பயம்தான் வரும். ஐந்து வயதில் பார்த்த எனக்கே இப்படி. உங்கள் அப்பாயிக்கு அப்போது இருபது வயதுக்குள். பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலை ஆட்களோடு கடல் எடுத்துக்கொண்டதை அவர் செய்தியாகப் படிக்கவில்லை. அவர் ஊரில் நடந்தது அது. அவர் தெரு, தெருக்காரர்கள் எல்லாம் போய், குடியிருக்கத் தகுதியில்லாத ஊர் என்று அரசாங்கமே அறிவித்த இடத்திலிருந்து வந்தவர் அவர்.

சேதமான பாம்பன் ரயில் பாலத்தை ஸ்ரீதரன் என்ற எஞ்சினியர் 46 நாளில் சரி செய்து ரயில் விட்டார். இப்போது பக்கத்திலேயே புதுப் பாலம் 2025-ல் வந்துவிட்டது, ரயிலும் ஓடுகிறது. ஆட்களைச் சரி செய்ய அப்படி யாரும் வரவில்லை. துக்கத்தைச் சுமந்துகொண்டேதான் கருவாடு காயப்போட்டார்கள், பிள்ளை பெற்றார்கள். என் வேலைக்காலத்தில் தனுஷ்கோடிக்காரப் பெண்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்கப் போனால், கையில் பட்டையைச் சுற்றும்போதே காற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். கேட்டுக்கொண்டே அழுத்துவேன். நின்று கேட்டால் அளவு கொஞ்சம் குறைவாகக் காட்டும் என்பது என் சொந்த அனுபவம்.

அதனால், "அதெல்லாம் அறுபது வருசத்துக் கதை, படு அப்பாயி" என்று சொல்லாதீர்கள். அந்த மூட்டையையும் அவிழ்க்க வேண்டாம். உண்மையில் உங்கள் வீட்டில் புத்திசாலி அவர் ஒருவர்தான். அதில் ரேஷன் கார்டு, ஆதார், டார்ச் லைட், அவருடைய பிரஷர் மாத்திரை எல்லாம் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். மூட்டை முழுசாகிவிட்டது என்று தெரிந்தால் கை கொஞ்சம் ஓயும்.

இன்னொன்று செய்யுங்கள். காற்று எழும்புகிற அன்று பாம்பன் துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று விசாரித்து வந்து சொல்லுங்கள். ஒன்றாம் எண் என்றால் எங்கேயோ தூரத்தில், நம் துறைக்கு ஆபத்தில்லை. பத்து என்றால் பெரிய அபாயம். 1964-ல் அவர்களுக்கு விவரம் சொல்ல ஆளில்லை. இப்போது சொல்ல ஒரு பேத்தி இருக்கிறாள். கூண்டே ஏற்றவில்லை என்றால் அதையும் போய்ச் சொல்லுங்கள். நம்பமாட்டார், மறுபடியும் கேட்பார், மறுபடியும் சொல்லுங்கள். டிசம்பர் 22 அன்று மட்டும் யாராவது ஒருவர் அவரோடு முழித்திருங்கள். வருடத்தில் ஒரு ராத்திரிதானே.

பகலிலும் பயம் விடவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் காட்டலாம். 80 வயதிலும் பலன் தெரியும்.

கீழக்கரையிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர். கடலைப் பார்க்காமல் ஏதோ மூச்சு முட்டுகிறது. இது வெறும் பிரமையா?
வாசகர், பெங்களூரு

பிரமை இல்லை, தம்பி. 1984-ல் உல்ரிச் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒன்று வெளியிட்டார். பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேர். பாதிப் பேருக்கு ஜன்னலில் மரங்கள் தெரிந்தன, மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். இதை ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் துணை சுகாதார நிலையத்து ஜன்னலில் தெரிந்தது ஜெனரேட்டர் கொட்டகை. அதையும் பார்த்துக்கொண்டுதான் எத்தனை பிள்ளைகள் பிறந்தன!

2019-ல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரை விசாரித்துவிட்டு, வாரத்துக்கு 120 நிமிடமாவது மரம், தண்ணீர் பக்கம் போகிறவர்கள் நலமாக இருப்பதாகச் சொல்கிறார்கள் என்று எழுதினார்கள். அதற்காக நீ வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு பூங்காவில் சுற்ற வேண்டாம். ஒரு விஷயம் சொல்லு, இன்றைக்கு உன் தெருவில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது? கீழக்கரையில் இருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பாய். வடக்கே இருந்து வந்தால் வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம், மேற்கே கச்சான். மூச்சு முட்டுவது கடல் இல்லாததால் என்பதைவிட, இந்தக் கேள்வியை யாரும் உன்னிடம் கேட்காததால் என்றுதான் நான் நினைப்பேன். அங்கேயும் பருந்து சுற்றும், அது எந்தப் பக்கம் திரும்பி மிதக்கிறது என்று பார். ஆபீஸ் போகிற வழியில் ஒரு புங்கையைப் பிடித்துவை. மாசி, பங்குனியில் இலையெல்லாம் கொட்டிப் பளபளவென்று தளிர் விடும். எந்தக் கிழமை தளிர்த்தது என்று எனக்கு எழுது.

அண்ணனுக்குக் காதில் யாரோ பேசுகிறார்களாம். வீட்டில் ஏர்வாடி தர்காவில் கொண்டுபோய் வைக்கலாம் என்கிறார்கள். நான் டாக்டர் என்கிறேன். யார் சொல்வது சரி?
வாசகர், சாயல்குடி

இரண்டு பேரும் சண்டை போடுவதை நிறுத்துங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவுக்குக் கூட்டிவந்த மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. இப்போது 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி யாரையும் சங்கிலியில் கட்டக்கூடாது. ஏர்வாடியிலேயே 'தவா, துவா' என்று மருந்தும் வேண்டுதலும் சேர்ந்தே போகிற ஏற்பாடு வந்தது. தர்காவுக்குப் போய்த் துவா செய்யட்டும், அம்மாவுக்கு அது ஆறுதல். மாத்திரை ஒரு வேளையும் தவறக்கூடாது. ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். அதற்கு முன்னால் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, ராப்பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. தன்னை முடித்துக்கொள்ளச் சொல்லி அந்தக் குரல் சொல்கிறது என்றால் இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு இப்போதே கிளம்புங்கள்.

52 வயது. சின்ன வயதிலிருந்து கடலில் முங்கிக் கடல்பாசி எடுக்கிறேன். பட்டம் படித்த மகள் "போதும்மா, வீட்டில் இரு" என்கிறாள். ஒரு வாரம் இருந்தேன், பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. முட்டிவலியும் இருக்கிறது.
வாசகி, பாம்பன் அருகே

என் அம்மாவும் விரலில் துணி சுற்றிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசி கிள்ளியவள்தான். அவள் சொல்வாள், தண்ணிக்குள்ள போயிட்டா யாரும் கூப்பிட மாட்டாங்க, அது ஒண்ணுதான் எனக்கு லீவு என்று. உன் மகளுக்கு அது கஷ்டமாகத் தெரிகிறது, உனக்கு அந்த நேரம் உன்னுடையது. இரண்டும் உண்மைதான்.

முட்டியைக் கெடுப்பது கடல் இல்லை. தண்ணீருக்குள் இருக்கும்வரை உடம்பின் பாரத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. ஈரப்பாசிச் சாக்கைத் தூக்கிக்கொண்டு கரையேறுகிறாயே, அங்கேதான் முட்டி போகிறது. சாக்கை இரண்டாகப் பிரி, அல்லது இன்னொருத்தியோடு சேர்ந்து தூக்கு. காதில் சீழ் வந்தால் ஆறும்வரை முங்காதே. உங்கள் பக்கத்துப் பெண்களே கூடிப் பேசி, மாதத்துக்கு 12 நாள்தான், இரும்புச் சுரண்டி கூடாது, பாசி வளர 45 நாள் விட வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டது உனக்குத் தெரியாததா? பாசிக்கு விட்ட ஓய்வை உனக்கும் கொஞ்சம் விடு. 12-ஐ 8 ஆக்கு. மீதி நாளில் காயவைக்கிற வேலையைப் பார். மகளிடம் "நிறுத்திவிட்டேன்" என்று பொய் சொல்லாதே. உப்பு வாசனை காட்டிக்கொடுத்துவிடும்.

கடிதத்தோடு நீ அனுப்பிய கஞ்சிப்பாசியை நேற்று மாடியில் உலர்த்தினேன். பாதியை வாடை தூக்கிக்கொண்டு போயிற்று. மிச்சத்தை மூன்று தண்ணீரில் அலசிக் கஞ்சி காய்ச்சினேன், அப்படியும் உப்பு போடத் தேவைப்படவில்லை. அடுத்த தடவை கொஞ்சம் கூடுதலாக அனுப்பு.